பலகை நீண்டால் வேலை குறையுமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்து இறங்கியிருக்கிறது. வந்த லொறியிலேயே பழையதை ஏற்றி அனுப்பவேண்டும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து நாலு பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். "இன்னும் நீளமான பலகை இருந்தால் வேலை பாதியாகிவிடும்" என்றாராம் லொறிக்காரர். பக்கத்தில் நின்ற தம்பியின் மகள், தரம் 10 படிப்பவள், "எவ்வளவு நீளமான பலகை போட்டாலும் வேலை அதேதான்" என்றாளாம். போதாக்குறைக்கு அவளுடைய கொப்பியிலேயே 'எளிய பொறிகள் வேலையை இலகுவாக்கும்' என்றும் எழுதியிருக்கிறதாம். "யார் சொல்வது சரி? வேலை குறையாவிட்டால் பலகை எதற்கு?" இதுதான் கேள்வி.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். லொறிக்காரர் சொன்னது பிழை. மகள் சொன்னது பாதி சரி. உண்மையில் அன்று பலகை போட்டதால் நீங்கள் செய்த வேலை கூடியிருக்கிறது, ஏறத்தாழ இரண்டு மடங்காக. இருந்தாலும் பலகை போட்டது புத்திசாலித்தனம்தான்.

படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் முப்பது வருடம் பாரம் தூக்கியவன் நான். பிறகு கொஞ்சக்காலம் பையன்களுக்கு இதே பாடத்தைச் சொல்லியும் கொடுத்தேன். இந்தக் குழப்பம் 'வேலை' என்ற சொல்லில் இருந்துதான் கிளம்புகிறது. நாம் வீட்டில் வேலை என்றால் அலுப்பைச் சொல்கிறோம். பௌதிகவியலில் வேலை என்றால் ஒரே ஒரு பெருக்கல்: எவ்வளவு விசை கொடுத்தாய், அந்த விசையின் திசையில் எவ்வளவு தூரம் நகர்த்தினாய். தூரம் பூச்சியம் என்றால் வேலையும் பூச்சியம். பலகை எடுத்துவரப் போன ஆள் திரும்பும்வரை பிரிட்ஜின் ஒரு பக்கத்தை இடுப்பளவில் தாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றவரிடம் போய், "நீங்கள் ஒரு வேலையும் செய்யவில்லை" என்று சொல்லிப்பாருங்கள்! கணக்குப்படி அது உண்மை. ஆனால் மனிதத் தசை மேசைக்கால் போல் சும்மா தாங்காது. இறுகியிருக்கும் நேரம் முழுக்க உள்ளே இழுத்து விட்டு இழுத்து விட்டுச் சக்தியை எரித்துக்கொண்டே இருக்கும். அதெல்லாம் வெப்பமாகி வியர்வையோடு போய்விடும். பொறிகள் குறைப்பது இந்த அவஸ்தையைத்தான்.

இனிக் கணக்கு. பிரிட்ஜ் 70 கிலோ, லொறித் தட்டு நிலத்திலிருந்து 1 மீற்றர் என்று வைப்போம். ஈர்ப்பை 10 என்று எடுத்தால் நிறை 700 நியூற்றன். நேராகத் தூக்கினால் 700 நியூற்றனை 1 மீற்றருக்குக் கொடுக்கவேண்டும், பெருக்கினால் வேலை 700 யூல். இப்போது 3 மீற்றர் பலகை. உராய்வே இல்லாத உலகம் என்றால் 233 நியூற்றன் போதும், அதாவது 23 கிலோ மூட்டை ஒன்றைத் தூக்குகிற பலம். ஆனால் அதை 3 மீற்றருக்குக் கொடுக்கவேண்டும். பெருக்கினால் மறுபடி 700. மகள் சொன்னது இதைத்தான்.

இதை நான் பையன்களுக்கு லீசிங் கணக்காகச் சொல்வேன். ஓட்டோ வாங்க முழுக்காசையும் ஒரே நாளில் மேசையில் வைக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? மாதம் மாதம் கட்டுவதென்றால் முடிகிறது. ஓட்டோவின் விலை குறைந்துவிட்டதா? இல்லை, நம் கைக்கு அடங்கும் துண்டுகளாக உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். விசைதான் தவணைத் தொகை. தூரம்தான் எத்தனை மாதம் என்பது. 700 நியூற்றனை ஒரே மூச்சில் கொடுக்க முடியாத ஆள், 233 நியூற்றனை மூன்று மீற்றருக்குக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்குகிறார்.

லீசிங் என்றால் வட்டி இல்லாமல் இருக்குமா? அதுதான் உராய்வு. லொறிக்காரர் கவனிக்காமல் விட்டதும் அதைத்தான். அட்டைப்பெட்டியோடு மரப்பலகையில் இழுத்தால் உராய்வுக் குணகம், அதாவது பலகைமேல் அழுத்தும் பாரத்தில் உராய்வாகும் பங்கு, 0.4 என்று வைப்போம். 3 மீற்றர் பலகையில் சரிவுக்காக 233 நியூற்றன், உராய்வுக்காக இன்னும் 264 நியூற்றன், மொத்தம் 497. வேலை 1,490 யூல் அளவில் வருகிறது. தூக்கியிருந்தால் 700 தான். மீதி முழுவதும் பலகையையும் பெட்டியின் அடியையும் சூடாக்கப் போய்விட்டது.

இப்போது லொறிக்காரர் ஆசைப்பட்ட மாதிரி 6 மீற்றர் பலகை போடுவோம். சரிவுக்கான விசை பாதியாகி 117 ஆகிறது. ஆனால் உராய்வு குறையவில்லை, 276 ஆகக் கொஞ்சம் ஏறிவிட்டது. பலகை படுக்கப் படுக்க பிரிட்ஜ் தன் பாரத்தை அதிகமாகப் பலகைமேல்தானே வைக்கும்? மொத்தம் 393. ஆக, பலகையை இரட்டிப்பாக்கி, இழுக்கும் தூரத்தையும் இரட்டிப்பாக்கி, விசையில் நமக்கு மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும். வேலையோ 2,360 யூல். மாதக்கட்டணம் கொஞ்சம் குறைகிறதே என்று தவணைக்காலத்தை நீட்டி, கடைசியில் இரண்டு ஓட்டோ விலை கட்டியவர்களை நமக்குத் தெரியாதா?

அதனால் தேடவேண்டியது நீளமான பலகையை அல்ல, சில்லை. அதே பிரிட்ஜைச் சின்னத் தள்ளுவண்டி ஒன்றில் நிமிர்த்திக் கட்டினால் உராய்வு பத்திலொரு பங்குக்கும் கீழே போய்விடும். அப்போது 3 மீற்றர் பலகையில் ஏறக்குறைய 250 நியூற்றன், 6 மீற்றரில் 140. இங்கே லொறிக்காரரின் 'பாதி' உண்மையிலேயே கிட்டத்தட்டப் பாதியாகிறது, வேலையல்ல, விசை. வள்ளத்தைக் கரையேற்றுபவர்கள் அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டு, பின்னால் கழன்று வந்த கட்டையை ஓடிப்போய் முன்னால் வைக்கிறார்களே, அதுவும் வட்டியைக் குறைக்கும் வழிதான்.

சறுக்குவதைவிட உருட்டுவது எவ்வளவு மேல் என்பதை நான் கற்றது துறைமுகப் பக்கம், ஒரு டீசல் பரலில். எனக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும். 200 லீற்றர் பரல், டீசலோடு 190 கிலோ வரும். நானும் இன்னும் மூன்று பேரும் அதைத் தூக்கி ஏற்றத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். ஒரு பெரியவர் வந்து எங்களைத் தள்ளிப்போகச் சொன்னார். இரண்டு பலகைகளை லொறித் தட்டில் சாய்த்தார். ஒரு நீளக் கயிற்றின் நடுப்பகுதியை லொறியின் உள்ளே இரும்பு வளையத்தில் கட்டினார். இரண்டு நுனிகளையும் பலகைகள் வழியாகக் கீழே விட்டு, படுக்கவைத்த பரலுக்கு அடியால் கொடுத்து, பரலின் மேலால் மடக்கி, மறுபடி லொறிக்கே கொண்டுவந்தார். நுனிக்கு ஒருவராக இரண்டு பேரை மேலே ஏற்றி, "இழுங்கோ" என்றார். பரல் கயிற்று மடிப்புக்குள் தொட்டிலில் படுத்த மாதிரி உருண்டுகொண்டே மேலே வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. "கயிறு பாதி, பலகை மீதி, நான் சும்மா" என்றார் அவர்.

அவர் கணக்குப் போட்டாரோ இல்லையோ, கணக்கு அப்படியே பொருந்துகிறது. 1 மீற்றர் உயரத்துக்கு 3 மீற்றர் பலகை, ஆகவே பாரம் மூன்றிலொன்று, 63 கிலோ. கயிற்றின் ஒரு பக்கம் லொறியில் கட்டியிருப்பதால் அந்தப் பாரத்தில் பாதியை லொறியே தாங்குகிறது, பரல் தானே ஓர் அசையும் கப்பி ஆகிவிடுகிறது. மிச்சம் 32 கிலோ. இரண்டு பேர், ஆளுக்கு 16. உருள்வதால் உராய்வு மிகச் சொற்பம். பரல் 3 மீற்றர் ஏற, மேலே நிற்பவர்கள் 6 மீற்றர் கயிறு இழுத்தார்கள். 1,900 யூலுக்கு 1,900 யூல், ஒரு சதமும் இலவசமில்லை. செய்துபார்க்கிறவர்களுக்கு ஒன்று: பரலுக்குக் கீழே, சரிவின் நேரே, ஒருவரும் நிற்கக்கூடாது. கயிறு அறுந்தால் பரல் நின்று யோசிக்காது.

சரிவில் பாரம் ஏன் அந்த அளவுக்குச் சரியாகக் குறைகிறது? 3 மீற்றருக்கு ஏன் மூன்றிலொன்று, ஏன் நாலிலொன்று இல்லை? இதைக் கேட்காமல் சூத்திரத்தை மட்டும் பாடமாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. சைமன் ஸ்டெவின் என்ற பொறியியலாளர் 1586இல் சொன்ன விளக்கம் இருக்கிறது, என் மனதில் இதைவிட அழகானது இல்லை. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிறந்து ஒல்லாந்தரிடம் வேலை பார்த்தவர் அவர். அதே ஒல்லாந்தர்தான் 1639இல் நம் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள்.

ஒரு முக்கோணக் கட்டையை நிமிர்த்தி வையுங்கள். ஒரு பக்கச் சரிவு நீளம், மற்றது அதில் பாதி. ஒரே அளவான மணிகள் கோத்த மாலை ஒன்றைக் கட்டைமேல் போடுங்கள். நீளச் சரிவில் நாலு மணி, குட்டைச் சரிவில் இரண்டு மணி, மிச்சம் கீழே ஊஞ்சல்போலத் தொங்கும். நாலு மணி உள்ள பக்கம்தானே பாரம்? மாலை அந்தப் பக்கம் சரியுமா? சரிந்தால் என்ன ஆகும்: ஒரு மணி போன இடத்துக்கு இன்னொரு மணி வரும். மறுபடியும் அங்கே நாலு, இங்கே இரண்டு. அதே காரணத்தால் மறுபடி சரியவேண்டும். அப்படியே யாரும் தொடாமல் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படி ஒரு மாலை உலகத்தில் இல்லை. ஆகவே மாலை அசையாது. கீழே தொங்கும் பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுப்பதால் அதை வெட்டிவிட்டாலும் ஒன்றும் மாறாது. அப்படியென்றால் நீளச் சரிவின் நாலு மணியைக் குட்டைச் சரிவின் இரண்டு மணி தாங்கி நிற்கிறது. சரிவு எத்தனை மடங்கு நீளமோ, அத்தனையில் ஒரு பங்குதான் பாரம். தராசும் இல்லை, திரிகோண கணிதமும் இல்லை, வெறும் மாலை! ஸ்டெவின் இந்தப் படத்தைத் தன் புத்தகத்தின் முகப்பிலேயே போட்டு, பார்த்தால் அதிசயம், யோசித்தால் அதிசயமில்லை என்ற பொருளில் ஒரு வரியும் எழுதிவைத்தார்.

இத்தனைக்கும் சாய்தளம், அதாவது நம் சாய்ந்த பலகை, பொறிகளின் வரிசையில் பிந்திச் சேர்ந்ததுதான். அலெக்ஸாந்திரியாவின் ஹீரோன், கி.பி. 1ஆம் நூற்றாண்டில், ஐந்து பொறிகளைப் பட்டியல் போட்டார்: சில்லும் அச்சும், நெம்பு, கப்பி, ஆப்பு, திருகு. சாய்தளம் அதில் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முந்தியே எகிப்தில் அதை வைத்து மலையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹத்னுப் என்ற கல்லுடைக்கும் இடத்தில், கூபு மன்னன் காலத்துச் சரிவுப் பாதை ஒன்றை 2018இல் கண்டுபிடித்து அறிவித்தார்கள். நடுவில் சரிவு, இரண்டு பக்கமும் படிக்கட்டு, பக்கத்தில் தடித்த மரத்தூண்கள் நட்ட குழிகள். கல் ஏற்றிய சறுக்குவண்டியின் கயிற்றைத் தூணில் சுற்றி, ஆட்கள் படியில் நின்று இழுத்திருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம். பார்த்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் இரும்பு வளையம்தான் ஞாபகம் வந்தது.

நெம்புக்கு வருவோம். இராவணன் மலையையே தூக்கப் பார்த்த ஊர் நம்முடையது. அவன் கையில் அலவாங்கு ஒன்று கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்று பையன்களிடம் பகிடிக்குச் சொல்வேன். ஆனால் அலவாங்கு என்ற சொல் அப்போது இருந்திருக்க முடியாது, அது வந்ததே போர்த்துக்கேயரோடு. 'அலவாங்க்கா' என்றால் அவர்கள் மொழியில் நெம்பு. கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்கள் அந்தச் சொல்லை இங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாம் நெம்பைப் பாடப்புத்தகத்தில் தேடுகிறோம், அது நம் வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

ஒன்றரை மீற்றர் அலவாங்கு. கல்லின் அடியில் நுனியைக் கொடுத்து, நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றரில் ஒரு சின்னக் கல்லைப் பொறுதியாக, அதாவது அலவாங்கு தாங்கித் திரும்பும் புள்ளியாக வைத்தால், மற்றப் பக்கம் 144 சென்ரிமீற்றர் இருக்கும். 24 மடங்கு. 20 கிலோ பாரத்தில் நீங்கள் அழுத்தினால் அங்கே 480 கிலோ கிளம்பும். ஆனால் உங்கள் கை கிட்டத்தட்ட அரை மீற்றர் இறங்கினால் கல் இரண்டு சென்ரிமீற்றர்தான் எழும்பும். உடனே இன்னொருவர் அந்த இடைவெளிக்குள் ஒரு துண்டுக் கல்லைத் தள்ளவேண்டும். பிறகு பொறுதியை உயர்த்தி மறுபடி. எழும்பிய இரண்டு சென்ரிமீற்றரை உடனே முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்வதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி, அலவாங்கு நழுவி நாடியில் வாங்குவார்கள்.

பாக்குவெட்டி இன்னொரு வகை. இங்கே பொறுதி நடுவில் இல்லை, ஓரத்து மூட்டில் இருக்கிறது. பாக்கு நடுவில், கை மறு நுனியில். அம்மம்மா இளம் பாக்கை அலகின் நடுவில் வைத்து வெட்டுவார். காய்ந்த கொட்டைப்பாக்கு என்றால் ஒன்றும் பேசாமல் அதை மூட்டுப் பக்கம் உள்ளே தள்ளுவார். மூட்டிலிருந்து 3 சென்ரிமீற்றரில் இருந்த பாக்கு ஒன்றரைக்கு வந்தால், அதே கை அழுத்தம் அங்கே இரட்டிப்பாகிவிடும். வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்கும் 'இரண்டாம் வகை நெம்பு' என்று தெரியாது, ஆனால் பாக்கை எங்கே வைப்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளின் துலா எனக்கு எப்போதும் பிடித்த பொறி. ஆடுகாலில் தாங்கிய நீண்ட மரம், ஒரு நுனியில் துலாக்கொடியும் பட்டையும், மறு நுனியில் பாரம். வெறும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கும்போது நீங்கள் கீழே இழுக்கவேண்டும், பாரம் மேலே போகும். தண்ணீரோடு ஏறும்போது அந்தப் பாரம் இறங்கி உங்களுக்கு உதவும். மொத்த வேலை குறையவில்லை, நேரம் மாறியிருக்கிறது: இறக்கும்போது முற்பணம் கட்டி, ஏற்றும்போது எடுத்துக்கொள்கிறீர்கள். கீழே இழுக்க உடம்பின் பாரமே கை கொடுக்கும், மேலே தூக்க முதுகுதான் வேண்டும். பெரிய துலாக்களில் மரத்தின்மேலேயே ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கிணற்றுக் கப்பியும் அப்படியே. மேலே அசையாமல் பொருத்திய ஒற்றைக் கப்பி விசையை ஒரு கிராம்கூடக் குறைக்காது. திசையை மட்டும் திருப்பிவிடும், அது போதும், நம் பாரம் நமக்கு வேலை செய்கிறது. கப்பிகள் பலவாகி, தாங்கும் கயிறுகள் பலவானால்தான் விசை பங்காகும். பட்டறையில் எஞ்சின் கழற்றும் செயின் புளொக்கில் ஒரு சாண் உயர்த்தப் பல பாகம் சங்கிலி இழுத்திருக்கிறேன். கை கடுக்கும், ஆனால் ஒரு தொன் எஞ்சின் ஒற்றை ஆளுக்குப் பணிந்து மேலே வரும்.

திருகு என்பது சுருட்டிய சாய்தளம். ஒரு செங்கோண முக்கோணத்தைக் காகிதத்தில் வெட்டிப் பென்சிலில் சுற்றினால் திருகின் புரி தெரியும். மலைநாட்டில் தெமோதரையில் ரயில் பாதை இதைத்தான் செய்கிறது: நேராகப் போனால் சரிவு செங்குத்தாகிவிடும் என்பதால் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்ரேசனுக்கு அடியாலேயே சுரங்கத்தில் போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக்கட்டுவதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு இந்த யோசனை வந்ததென்று ஒரு கதை சொல்வார்கள்.

திருகு ஜக்கில் கணக்கு இன்னும் தலையைச் சுற்றும். கைப்பிடி 30 சென்ரிமீற்றர், புரிக்குப் புரி 5 மில்லிமீற்றர் என்றால், ஒரு முழுச் சுற்றில் கை 188 சென்ரிமீற்றர் போகும், வாகனம் அரைச் சென்ரிமீற்றர் எழும்பும். 377 மடங்கு! ஆனால் கையில் அது வராது. கொடுப்பதில் முக்கால்வாசியை உராய்வு தின்றுவிடும், 90 மடங்கு கிடைத்தால் நல்ல ஜக். கந்துவட்டியைவிட மோசம் என்று தோன்றும். ஆனால் இந்த வட்டியில்தான் உங்கள் உயிர் இருக்கிறது. கையை எடுத்ததும் வாகனத்தின் பாரம் திருகைப் பின்னுக்குச் சுழற்றி இறங்காமல் நிற்கிறதே, அது உராய்வு தரும் காவல். வினைத்திறன், அதாவது கொடுத்த வேலையில் பயனாகக் கிடைக்கும் பங்கு, பாதிக்கு மேல் உள்ள திருகு பாரம் ஏறியதும் தானாக இறங்கிவிடும். எண்ணெய் போட்டு வழுவழுப்பாக்கி வினைத்திறனைக் கூட்டவேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறோம், ஜக்குக்கு அது ஓரளவுக்குத்தான்.

ஜக் என்றதும் ஒன்று. ஒருமுறை நிலாவெளிப் பக்கம் கடற்கரை மணலில் வானின் ரயர் காற்றுப் போய்விட்டது. ஜக்கை வைத்துச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், வான் எழும்பவே இல்லை. குனிந்து பார்த்தால் ஜக் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. 377 மடங்கும் சரியாகத்தான் வேலை செய்தது, வானை மேலே தள்ளாமல் ஜக்கைக் கீழே தள்ளியது. பக்கத்து வாடியிலிருந்து ஒரு பலகைத் துண்டு வாங்கி அடியில் வைத்த பிறகே வான் எழும்பியது. பொறி விசையைப் பெருக்கினால் அதைத் தாங்கும் இடத்துக்கும் அவ்வளவும் போகும். நெம்புக்குப் பொறுதி, கப்பிக்கு உத்தரம், பலகைக்கு லொறித் தட்டின் விளிம்பு. விபத்துகள் பெரும்பாலும் நடப்பது அங்கேதான்.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நகரும் சாய்தளம் அது. அதுவும் உராய்வால்தான் மரத்துக்குள் இறுகி நிற்கிறது. ஆப்பசைத்த குரங்குக்கு அது தெரியாமல் போயிற்று.

விசையைக் குறைப்பதற்கே எல்லாப் பொறியும் என்று நினைக்கக்கூடாது. தூண்டில் தடி, தும்புத்தடி, சைக்கிள் எல்லாம் மறுபக்கம்: நாம் அதிக விசை கொடுத்து, குறைந்த தூரம் அசைத்து, மறுமுனையில் அதிக தூரத்தையும் வேகத்தையும் எடுக்கிறோம். சைக்கிளில் மிதி ஒரு சுற்று வருவதற்குள் சில்லு சில சுற்று ஓடிவிடுகிறது. இதில் லீசிங் தலைகீழ்: மொத்தமாகக் கட்டிவிட்டுச் சீக்கிரம் முடிக்கிறோம்.

சாய்தளத்தின் பெயரால் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வாசலில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். பக்கத்தில் புதுச் சீமெந்துச் சரிவு, பளபளவென்று. காலால் அளந்தேன், ஆறடி நீளம். 4க்கு 1. அம்மாவும் நாற்காலியுமாக 90 கிலோ, தள்ள 22 கிலோ விசை வேண்டும். நானே மூச்சு வாங்கித் தள்ளினேன். இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, நாற்காலியை நெஞ்சில் தாங்கி இறக்கினேன். தானாகச் சில்லைச் சுழற்றி வருகிறவர் அதில் ஏறவே முடியாது, மழை பெய்தால் சறுக்கு விளையாடலாம். பொதுவாக உலகெங்கும் சொல்லும் அளவு 12க்கு 1. ஒன்றரை அடிக்குப் பதினெட்டடி. அப்போது ஏழரைக் கிலோ விசைதான். இடமில்லை என்றால் நேராகக் கட்டவேண்டும் என்றில்லை, நடுவில் ஒரு தட்டு விட்டு மடக்கிக் கட்டலாம். பொதுக் கட்டடங்களுக்கு இந்த வசதிகள் வேண்டும் என்று நம் நாட்டில் 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. சரிவு கட்டியாயிற்று என்று கணக்குக் காட்டுவதற்கும் ஏறக்கூடிய சரிவு கட்டுவதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் பன்னிரண்டடிச் சீமெந்து.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைக் காலால் அறிவார்கள். கடலிலிருந்து செங்குத்தாக முன்னூறு அடிக்கு மேல் நிற்கும் பாறை. கடல் பக்கத்தால் ஏற நினைத்தால் தலைசுற்றும். கோட்டை வாசலால் நுழைந்தால் மான்களைப் பார்த்துக்கொண்டு வயதானவர்களும் மெல்ல மெல்ல நடந்து ஏறிவிடுகிறார்கள். எந்தப் பக்கத்தால் ஏறினாலும் 60 கிலோ ஆள் 100 மீற்றர் உயர 60,000 யூல் வேண்டும். 14 கிலோகலோரிக்குச் சற்று மேல். உடம்பு அதைப்போல் நாலைந்து மடங்கு எரித்துத்தான் அதைக் கொடுக்கும். அப்படிப் பார்த்தாலும் சீனி கூடப் போட்ட இரண்டு பிளேன்ரீ.

சரி, தம்பியின் பிரிட்ஜ். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: உராய்வு இல்லையென்றால் வேலை மாறாது, உராய்வு இருந்தால் வேலை கூடும், விசை மட்டும் குறையும். சோதனையில் 'இலகுவாக்கும்' என்று வந்தால் அந்த இடத்தில் 'குறைந்த விசையால் செய்யலாம்' என்று எழுதட்டும், யாரும் புள்ளி வெட்ட முடியாது. லொறிக்காரருக்கு: 3 மீற்றர் பலகையே போதும், மேல் நுனி நழுவாதபடி இரண்டு ஆணி அல்லது ஒரு கயிறு, பிரிட்ஜுக்கு அடியில் தள்ளுவண்டி. இரண்டு பேர் மேலே நின்று இழுக்க, ஒருவர் பக்கத்தில் நின்று பிடிக்கட்டும், நேர் கீழே வேண்டாம். வந்திறங்கிய புது பிரிட்ஜை வழியில் படுக்கவைத்திருந்தார்கள் என்றால், நிமிர்த்திச் சில மணித்தியாலம் விட்ட பிறகே பிளக்கைப் போடுங்கள்.